பழைய மரப்படகு வாங்கப் போகிறீர்களா? முன்பணம் கொடுக்கும் முன் கவனியுங்கள்

பழம்பொருள் தேடிக் கொச்சியின் மட்டாஞ்சேரிக்குப் போகும் தமிழர்கள் ஏராளம். யூதத் தெருவில் பழைய கதவும் தூணும் உருளியும் விலைபேசுபவர்களுக்கு, கொச்சிக் காயலில் நிற்கும் இன்ஜின் வைத்த பழைய மரப்படகின் மேலும் ஆசை வருவது இயல்பு. ஆனால் படகு உயிர்களை ஏற்றிச் செல்லும் வாகனம். கதவு வாங்குவதுபோல் கண்ணால் பார்த்து மட்டும் வாங்கக் கூடாது.

2015 ஆகஸ்ட் 26 அன்று, வைப்பினிலிருந்து ஃபோர்ட் கொச்சிக்கு வந்த பழைய பயணிகள் படகு, மீன்பிடிப் படகு மோதியதில் உடைந்து மூழ்கியது. 11 பேர் இறந்தார்கள். 2023 மே 7 அன்று கேரளத்தின் தானூரில் கவிழ்ந்தது, மீன்பிடிப் படகை உல்லாசப் படகாக மாற்றி ஓட்டியது. அதில் 22 உயிர்கள் போயின. படகின் வயதையும் அதில் செய்த மாற்றங்களையும் அசட்டை செய்தால் என்ன நடக்கும் என்பதற்கு இவற்றுக்கு மேல் சான்று வேண்டியதில்லை.

காகிதங்கள்

2021-ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டப்படி, காயலிலும் ஆற்றிலும் இன்ஜினில் ஓடும் படகுக்குப் பதிவுச் சான்றும் ஆய்வுச் சான்றும் (சர்வே) கட்டாயம். காப்பீடும் வேண்டும். கேரளத்தில் இதைக் கவனிப்பது கேரள மாரிடைம் போர்டு. விற்பவர் காட்டும் நகலை நம்பி நிற்காமல், பதிவு அலுவலகத்துக்கே போய்ச் சரிபாருங்கள்.

- பதிவு விற்பவர் பெயரில்தான் இருக்கிறதா?
- படகின் மேல் வங்கிக் கடன் இருக்கிறதா? இருந்தால், தடையில்லாச் சான்று எங்கே?
- இன்ஜின் எண் சான்றோடு ஒத்துப்போகிறதா?
- மேல்தளம் கட்டியது, இன்ஜின் மாற்றியது போன்றவற்றுக்கு அனுமதி பெற்றார்களா?

மரம்

உப்பு கலந்த காயல் நீரில் கப்பல்புழு மரத்தை உள்ளிருந்தே குடையும். வெளியே ஊசித்துளை அளவே தெரியும். அழுகிய பலகையின் மேல் ஃபைபர் போர்த்திப் பெயின்ட் அடித்துவிட்டால் அதுவும் தெரியாது. ஆகவே படகைத் தண்ணீரில் வைத்துப் பார்த்தது பார்த்ததாகாது. கரையேற்றச் சொல்லுங்கள். அடிப்பகுதியின் முதுகெலும்பான ஏராக்கட்டை, விலா மரங்களான வங்குக்கால்கள், இன்ஜின் அமர்ந்த மரங்கள், நீர் புகாமல் கலப்பத்து அடித்த பலகை இடுக்குகள் ஆகியவற்றை உங்கள் செலவில் ஒரு மரைன் சர்வேயரை வைத்துச் சோதியுங்கள். விற்பவர் காட்டும் ஆசாரியை நம்ப வேண்டாம். கரையேற்ற மறுத்தால் பேரத்தை அங்கேயே விட்டுவிடுங்கள்.

ஒப்பந்தம்

எந்தத் தேவைக்கு வாங்குகிறீர்கள் என்பதை எழுத்தில் சொல்லுங்கள். 1930-ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டப்படி, விற்க உரிமை உள்ளவர்தான் விற்கலாம். பொருள், சொன்ன வருணனைக்கு ஒத்தும் இருக்க வேண்டும். படகு விற்பதையே தொழிலாகக் கொண்டவர், நீங்கள் சொன்ன தேவைக்குப் பொருந்தாததைத் தலையில் கட்டினால் அதற்கும் பொறுப்பாவார். ‘இருக்கும் நிலையிலேயே விற்பனை’ என்ற வரி இந்தப் பாதுகாப்பைக் குறைத்துவிடும். அந்த வரியோடு வரும் பத்திரத்தில் வழக்கறிஞர் பார்க்காமல் கையெழுத்திடாதீர்கள். முன்பணத்தை வங்கி வழியே செலுத்துங்கள். சர்வேயில் குறை தெரிந்தால் அது முழுதாகத் திரும்ப வரும் என்பதையும் எழுதி வாங்குங்கள்.

நூறாண்டு கடந்த படகு என்று சொல்லி விற்றால் இன்னொன்றும் உண்டு. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்தின் கீழ் வரும் பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் உள்ள உறவுகளுக்காக வாங்குபவர்கள் இதை முதலிலேயே தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

ஏமாந்தால்

முதலில் எழுத்துமூலம் நோட்டீஸ் அனுப்புங்கள். சொந்தப் பயன்பாட்டுக்காக வியாபாரியிடம் வாங்கியிருந்தால், 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் செய்யலாம். 50 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கியதற்கு மாவட்ட ஆணையமே போதும். கொச்சிக்கு அலைய வேண்டியதில்லை. மதுரையில் வசிப்பவர் மதுரையிலேயே வழக்குப் போடலாம். வழிகாட்டுதலுக்கு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. வாடகைக்கு விட வாங்கியது வணிக நோக்கமாகக் கருதப்படும்; அதற்கு இந்தச் சட்டம் உதவாது. சுயதொழிலாகப் பிழைப்புக்கு வாங்கியவருக்கு மட்டும் விலக்கு உண்டு. தனிநபரிடம் வாங்கியவர் உரிமையியல் நீதிமன்றத்தை நாட வேண்டும். போலிச் சான்று காட்டியிருந்தால் காவல் நிலையத்தில் மோசடிப் புகார் கொடுங்கள்.

பதிவு உங்கள் பெயருக்கு மாறி, ஆய்வுச் சான்றும் காப்பீடும் கைக்கு வரும்வரை அந்தப் படகில் ஒருவரையும் ஏற்றாதீர்கள், சொந்தப் பிள்ளைகளையும்தான். ஏற்றும் நாளில் ஆளுக்கொரு உயிர்காப்பு அங்கி இருக்கட்டும்.