படை செய்த பிழைக்குப் பதில் சொல்பவர் யார்?



தேநீர்க் கடையிலோ திருவிழாப் பந்தலிலோ நான்கு பேர் கூடினால் அரசியல் பேச்சு எழுவது இயல்பு. ஏதோ ஒரு நாட்டில் படைவீரர்கள் பொதுமக்களைச் சுட்டுவிட்டார்கள் என்ற செய்தி வந்துவிட்டால் பேச்சில் சூடு ஏறிவிடும். "அந்தத் தலைவரின் ஆட்சியில் இப்படித்தான் நடக்கும்" என்பார் ஒருவர். "உங்கள் தலைவரின் ஆட்சியில் நடக்கவில்லையா?" என்று மடக்குவார் மற்றவர். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் இரண்டு தலைவர்களின் பெயர்கள் மட்டுமே பேச்சில் எஞ்சியிருக்கும். இறந்தவர் யார், எப்படி இறந்தார், கட்டளையிட்டவர் யார் என்ற கேள்விகளை எல்லாரும் மறந்திருப்பார்கள்.

இத்தகைய வாதம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை விளங்கிக்கொள்ள வெளிநாட்டுக்குப் போக வேண்டியதில்லை. நம் சிலாங்கூர் மாநிலத்தில், ஒரு ரப்பர்த் தோட்டத்தில் நடந்த நிகழ்ச்சியே போதும். பத்தாங் காலி நிகழ்ச்சியைத்தான் சொல்கிறேன்.

முதலில் காலத்தை நினைவுபடுத்திக்கொள்வோம். 1948-ஆம் ஆண்டு ஜூன் மாதம் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மூன்று ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அது 1960-ஆம் ஆண்டு வரை நீடித்தது. காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகள் தோட்டங்களைத் தாக்கினார்கள். அவர்களைத் தேடிப் படையினர் தோட்டங்களுக்குள் வந்தார்கள். பால் வெட்டும் தொழிலாளர்கள், சீனராயினும் தமிழராயினும், இரு பக்கத்துக்கும் அஞ்சி வாழ்ந்தார்கள். அந்நாளைய லயன்களில் வாழ்ந்த பெரியவர்களைக் கேட்டால் இன்றும் இதைச் சொல்வார்கள்.

அந்த ஆண்டு டிசம்பர் 11-ஆம் நாள், ஸ்காட்ஸ் கார்ட்ஸ் என்னும் பிரிட்டிஷ் படைப்பிரிவைச் சேர்ந்த ஒரு சிறு குழு பத்தாங் காலிக்கு அருகே, சுங்கை ரெமோக் தோட்டத்துக்குள் நுழைந்தது. அங்குள்ள கொங்சி வீடுகளில் சீனத் தொழிலாளர் குடும்பங்கள் வாழ்ந்தன. படையினர் ஆண்களைத் தனியாகவும் பெண்களையும் பிள்ளைகளையும் தனியாகவும் பிரித்து அடைத்து வைத்தார்கள். அன்று மாலையே ஓர் இளைஞர் சுட்டுக் கொல்லப்பட்டார். மறுநாள் காலை பெண்களும் பிள்ளைகளும் லாரியில் ஏற்றப்பட்டார்கள். அதன்பின் 23 ஆண்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். வீடுகளுக்குத் தீ வைக்கப்பட்டது. ஆக, இறந்தவர்கள் 24 பேர். அவர்கள் கையில் ஆயுதம் ஏதும் இல்லை. மயங்கி விழுந்த ஒருவர் மட்டும் இறந்தவராகக் கருதப்பட்டு உயிர் பிழைத்தார்.

அரசு தந்த விளக்கம் வேறு. பிடிபட்டவர்கள் தப்பியோட முயன்றார்கள், அதனால் சுட நேர்ந்தது என்பதே அந்த விளக்கம். கூட்டரசின் சட்டத்துறைத் தலைவர் விசாரித்து, படையினர்மீது தவறில்லை என்று முடிவு செய்தார். 1949-ஆம் ஆண்டு ஜனவரி மாதம், தப்பியோடுபவரைத் தடுக்க உயிர்பறிக்கும் ஆயுதங்களைப் பயன்படுத்தலாம் என்று ஒரு புதிய அவசரகால விதி இயற்றப்பட்டது. அது முன்பு நடந்தவற்றுக்கும் பொருந்தும் என்று எழுதப்பட்டது. அதே மாதத்தில் லண்டன் பாராளுமன்றத்தில் குடியேற்ற நாடுகளின் அமைச்சர் ஆர்தர் கிரீச் ஜோன்ஸ் இந்த விளக்கத்தையே திரும்பக் கூறினார்.

இங்கே ஒரு சிறு கேள்வி கேட்டுப் பார்ப்போம். பலர் பல திசையில் தப்பியோடும்போது சுட்டால் சிலர் காயத்தோடு பிழைத்திருக்க வேண்டும், சிலர் தப்பியிருக்க வேண்டும். இங்கே குண்டுக் காயத்தோடு பிடிபட்டவர் ஒருவரும் இல்லை. பள்ளிப் பிள்ளைகூடக் கேட்கக்கூடிய இந்தக் கேள்வியை அன்று பொறுப்பில் இருந்தவர்கள் வெளிப்படையாகக் கேட்கவில்லை.

இருபத்தோர் ஆண்டுகள் ஓடின. 1969-ஆம் ஆண்டு நவம்பரில், வியட்நாமின் மை லாய் கிராமத்தில் அமெரிக்கப் படையினர் முந்திய ஆண்டு செய்த படுகொலை உலகுக்குத் தெரியவந்தது. அந்தச் செய்தி பிரிட்டனிலும் பழைய நினைவுகளைக் கிளறியது. 1970 பிப்ரவரியில் 'தி பீப்பிள்' என்ற ஞாயிறு செய்தித்தாள், பத்தாங் காலியில் இருந்த முன்னாள் வீரர்கள் சிலரின் வாக்குமூலங்களை வெளியிட்டது. அங்கே யாரும் தப்பியோடவில்லை, அவர்கள் வேண்டுமென்றே சுடப்பட்டார்கள் என்று அந்த வீரர்களே சொன்னார்கள். தற்காப்பு அமைச்சர் டெனிஸ் ஹீலி அதைப் புறக்கணிக்கவில்லை. லண்டன் மாநகரக் காவல்துறை விசாரணையைத் தொடங்கியது. முன்னாள் வீரர்களில் சிலர் காவல்துறையிடமும் உண்மையை ஒப்புக்கொண்டார்கள். அடுத்து மலேசியாவுக்கு வந்து கிராமத்து மக்களை விசாரிக்க வேண்டும்.

அந்த நேரத்தில், 1970 ஜூனில், பிரிட்டனில் பொதுத்தேர்தல் நடந்தது, ஆட்சி மாறியது. காவல்துறையினர் மலேசியாவுக்குப் புறப்படவே இல்லை. வழக்குத் தொடரப் போதிய சான்று இல்லை என்று கூறி விசாரணை நிறுத்தப்பட்டது. ஆட்சி மாறியதால் அரசியல் நோக்கு மாறியதே இதற்குக் காரணம் என்று விசாரணையை நடத்திய காவல் அதிகாரி தம் அறிக்கையில் வெளிப்படையாகவே எழுதிவைத்தார்.

இதுவரை கேட்டவர்களில் சிலர், "ஆகா, இன்ன கட்சிதான் குற்றவாளி" என்று முடிவு செய்திருக்கலாம். சற்றுப் பொறுங்கள். கரும்பலகையில் ஒரு கோடு கிழித்து, ஒரு பக்கம் ஆண்டையும் மறுபக்கம் ஆட்சியையும் எழுதிப் பார்ப்போம்.

1949-இல் தப்பியோடிய கதையைப் பாராளுமன்றத்தில் சொன்னது யார்? தொழிற்கட்சி அரசு. 1970 பிப்ரவரியில் விசாரணைக்கு வழி திறந்தது யார்? அதே தொழிற்கட்சி. அதே ஆண்டில் தேர்தலுக்குப் பின் கதவை மூடியது யாருடைய காலத்தில்? கன்சர்வேட்டிவ் கட்சியின் காலத்தில். 1992-இல் பி.பி.சி. தொலைக்காட்சி இதைப் பற்றி ஒரு படத்தை ஒளிபரப்பிய பின்பும் வழக்கு எழவில்லை. அப்போதும் கன்சர்வேட்டிவ் ஆட்சிதான். 2009 ஜனவரியில் பொது விசாரணை வேண்டாம் என்று மறுத்து, ஏப்ரலில் மறுபரிசீலனை செய்வதாகச் சொன்னது யார்? தொழிற்கட்சி. 2010 நவம்பரில் மறுபடியும் மறுத்தது யார்? கன்சர்வேட்டிவ் கட்சியும் லிபரல் ஜனநாயகக் கட்சியும் சேர்ந்த கூட்டணி அரசு.

நம் நாட்டையும் பட்டியலில் சேர்க்காவிட்டால் கணக்கு நேர்மையாக இருக்காது. 1993-இல் குடும்பத்தினர் பிரிட்டிஷ் அரசியாருக்கு மனு எழுதியதைத் தொடர்ந்து மலேசியக் காவல்துறையும் விசாரணையைத் தொடங்கியது. யார்மீதும் வழக்கின்றி 1997-இல் அதுவும் முடித்துக்கொள்ளப்பட்டது.

பட்டியல் சொல்வது என்ன? மூடிய கை ஒரு கட்சியின் கை மட்டுமன்று. எந்தக் கட்சி ஆட்சியில் இருக்கிறதோ, அந்தக் கட்சிக்குப் படையைக் காப்பாற்றும் எண்ணம் வந்துவிடுகிறது. ஆகவே "எங்கள் தலைவர் நல்லவர், உங்கள் தலைவர் கெட்டவர்" என்ற வாதத்தால் இறந்தவர்களின் குடும்பத்துக்கு ஒரு பயனும் இல்லை. ஒரே கட்சி ஓர் ஆண்டில் மறைத்ததையும் இன்னோர் ஆண்டில் திறந்ததையும் பார்த்தோம். செயலை எடை போட வேண்டுமே தவிர, கொடியின் நிறத்தை எடை போடக் கூடாது.

அமெரிக்காவிலும் இதே நிலைதான். மை லாய் கிராமத்தில் 300-க்கும் மேற்பட்ட பொதுமக்கள் கொல்லப்பட்டார்கள். தண்டனை பெற்றவர் ஒரே ஒருவர், வில்லியம் கேலி என்ற லெப்டினன்ட். 1971-இல் அவருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. உடனே குடியரசுக் கட்சி அதிபர் ரிச்சர்ட் நிக்சன் அவரைச் சிறையிலிருந்து எடுத்து வீட்டுக் காவலில் வைக்கச் சொன்னார். அப்போது ஜார்ஜியா மாநில ஆளுநராக இருந்த ஜனநாயகக் கட்சியின் ஜிம்மி கார்ட்டர், படைவீரர்களுக்கு ஆதரவாகக் கார் விளக்குகளை ஏற்றிக்கொண்டு ஓட்டுமாறு மக்களைக் கேட்டுக்கொண்டார். இரு கட்சியினரும் மக்கள் உணர்ச்சியின் பக்கமே சாய்ந்தார்கள். சில ஆண்டுகளிலேயே கேலி விடுதலை பெற்றார்.

இத்தகைய நேரங்களில் வழக்கமாகச் சொல்லப்படும் மூன்று சமாதானங்களைப் பார்ப்போம்.

முதலாவது, "எதிரி செய்யவில்லையா?" என்பது. கம்யூனிஸ்டுகள் கொலை செய்தது உண்மை. நம் தோட்டங்களிலேயே அதைக் கண்டவர்கள் உண்டு. ஆனால் காட்டிலிருந்தவன் செய்த கொலைக்காக, மரம் வெட்டப் போனவனைக் கொல்லலாம் என்றாகுமா? சட்டத்தைக் காப்பதற்காக வந்தோம் என்று சொல்லும் படைக்கு அந்தச் சட்டம் முதலில் பொருந்த வேண்டும்.

இரண்டாவது, "விசாரித்தால் படையின் மானம் போகும்" என்பது. மை லாயில் ஹியூ தாம்சன் என்ற ஹெலிகாப்டர் விமானி, கொலையைக் கண்டதும் தம் விமானத்தைக் கிராமத்தாருக்கும் படையினருக்கும் நடுவே இறக்கிச் சிலரின் உயிரைக் காத்தார். கேலி வழக்கை நடத்திய ஆப்ரி டேனியல் என்பவரும் ஒரு படைத்துறைக் கேப்டன்தான். தீர்ப்பில் தலையிட்ட அதிபருக்கே அவர் கண்டனக் கடிதம் எழுதினார். பத்தாங் காலி உண்மையை வெளியே சொன்னவர்களும் அங்கிருந்த வீரர்களே. படையின் மானத்தை இவர்கள்தாம் காத்தார்கள். மறைத்தவர்களால் அது காக்கப்படவில்லை.

மூன்றாவது, "பழையதை ஏன் கிளற வேண்டும்?" என்பது. காலம் கடந்தது யாரால்? 2012-இல் லண்டன் உயர் நீதிமன்றம், திட்டமிட்டுக் கொன்றதற்குச் சான்று உண்டு என்று ஏற்றுக்கொண்டது. ஆயினும் விசாரணை நடத்துமாறு அரசைக் கட்டாயப்படுத்த முடியாது என்றது. 2015 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளில் நால்வர் குடும்பத்தினரின் மேல்முறையீட்டைத் தள்ளினார்கள். லேடி ஹேல் ஒருவர் மட்டும் மாறுபட்டார். தள்ளியவர்களில் ஒருவரான லார்ட் கெர்கூட, கிடைக்கும் சான்றுகளில் மிகப் பெரும்பகுதி குற்றமற்றவர்கள் இரக்கமின்றிக் கொல்லப்பட்டதையே காட்டுகிறது என்று எழுதினார். 2018-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் மனுவை ஏற்கவில்லை. இந்த நீதிமன்றங்களில் குறுக்கே நின்ற பெருந்தடை காலம்தான். விசாரிக்க வேண்டிய நேரத்தில் விசாரிக்காமல் விட்டவர்களே, பின்பு காலம் கடந்துவிட்டது என்கிறார்கள். நீதி தேடிய குடும்பங்களுக்கு ஏறத்தாழ 70 ஆண்டுகள் இப்படிக் கழிந்தன.

இனி, பதில் சொல்ல வேண்டியவர் யார் என்ற கேள்விக்கு வருவோம். கோவலன் கதை நமக்கெல்லாம் தெரியும். பொய் சொன்னவன் பொற்கொல்லன், வாளை வீசியவன் காவலன். ஆனால் விசாரியாமல் கட்டளையிட்டவன் பாண்டியன். அவன் பொற்கொல்லன்மீதும் காவலன்மீதும் பழியைப் போட்டுத் தப்பவில்லை. குற்றம் தன்னுடையதே என்று உணர்ந்து உயிர்விட்டான்.

இன்றைய ஆட்சிமுறையிலும் பொறுப்பு இப்படித்தான் படிப்படியாக அமைகிறது. சுட்டவன் தன் செயலுக்குப் பொறுப்பு. கட்டளையிட்ட அதிகாரி கட்டளைக்குப் பொறுப்பு. அமைச்சரும் தலைவரும் இரண்டுக்குப் பொறுப்பு: என்ன விதியோடு படையை அனுப்பினார்கள் என்பது ஒன்று, தவறு தெரிந்தபின் என்ன செய்தார்கள் என்பது மற்றொன்று. தலைவர் அறியாமலே தவறு நடந்திருக்கலாம். ஆனால் மறைப்பது அறியாமல் நடப்பதில்லை.

ஆகவே, அடுத்த முறை இப்படிப்பட்ட செய்தியைக் கேட்கும்போது மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். விசாரித்தவர் குற்றம் சாட்டப்பட்டவரின் மேலதிகாரியா, அல்லது தனித்து நிற்பவரா? இறந்தவரின் உறவினரையும் பிழைத்தவரையும் கேட்டார்களா? இதே செயலை எனக்குப் பிடிக்காத தலைவர் செய்திருந்தால் நான் இதே தீர்ப்பைச் சொல்வேனா? மூன்றாவது கேள்விதான் கடினமானது. அதற்குத் தயங்காமல் பதில் சொல்ல முடிந்தால், நாம் கட்சிக்காகப் பேசவில்லை, நியாயத்துக்காகப் பேசுகிறோம் என்று பொருள்.

பத்தாங் காலியில் இறந்தவர்கள் எந்தப் பிரிட்டிஷ் கட்சிக்கும் வாக்களித்தவர்கள் அல்லர். விடியுமுன் எழுந்து, பால் வாளியோடு மரத்தடிக்குப் போய், மாலையில் பிள்ளைகளிடம் திரும்பியவர்கள். நம் தோட்டத்து மக்களைப் போன்றவர்கள். அவர்களைப் பற்றிப் பேசும்போதாவது கட்சிப் பெயர்களைச் சற்று ஒதுக்கிவைத்து, நடந்தது என்ன என்று முதலில் கேட்கப் பழகுவோம்.