குறிமுனை மாற்றுவதில் அவசரம் கூடாது

நம் பக்கத்தில் கடலைக் கொல்லையைக் காட்டுப்பன்றி புரட்டிப் போடுவது போல, அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்து உழவர்களுக்கு மான்களால் தொல்லை. மக்காச்சோளமும் சோயா மொச்சையும் மான்களுக்கு விருப்பமான தீனி. மான் வேட்டைக்கென அங்கே அரசே பருவம் வகுத்து, உரிமம் பெற்றவர்களை அனுமதிக்கிறது. அந்த நாட்களில் பலரும் பாட்டன் காலத்து ரைபிளையே தோளில் மாட்டிக்கொண்டு புறப்படுகிறார்கள். குழலின் வாய் வழியே மருந்தும் ஈயக் குண்டும் போட்டுக் கெட்டித்துச் சுடும் துப்பாக்கி அது. சிக்கிமுக்கிக் கல்லின் பொறியால் வெடிக்கும் இவ்வகைத் துப்பாக்கிக்கென்றே 1974-ம் ஆண்டில் அம்மாநிலம் தனிப் பருவம் ஒன்றை ஒதுக்கியது.

இந்த ரைபிளில் தூரத்தைக் கிட்டத்தில் காட்டும் கண்ணாடிக் குழாய் கிடையாது. குழலின் மேல் இரண்டு சிறிய உலோகத் துண்டுகள் மட்டுமே உண்டு. கண்ணுக்கு அருகில் இருப்பது பின்குறி. அதன் நடுவே ஒரு சிறு வெட்டு இருக்கும். குழல் வாயருகே மெல்லிய தகடாக நிற்பது முன்குறி. பின்குறியின் வெட்டுக்குள் முன்குறியை நிறுத்தி, இலக்கோடு நேராக வைத்துச் சுட வேண்டும்.

இவற்றில் ஒன்று வளைந்தாலும், தேய்ந்தாலும், ஆட்டம் கண்டாலும் குறி தப்பிவிடும். அரைகுறையாகக் காயம்பட்ட மான் புதருக்குள் ஓடி வீணாகச் சாகும். தவறிய குண்டு அண்டை நிலத்தில் இருப்பவர் மேல் பாயவும் கூடும். ஆகவே கெட்டுப்போன குறியை மாற்றுவது அழகுக்காகச் செய்யும் வேலை அன்று.

உழவர் நாட்டில் பிறந்த துப்பாக்கி

18-ம் நூற்றாண்டில் ஜெர்மனியிலிருந்தும் சுவிட்சர்லாந்திலிருந்தும் பென்சில்வேனியாவுக்குக் குடியேறியவர்களில் துப்பாக்கிக் கொல்லர்களும் இருந்தனர். லங்காஸ்டர் பகுதியில் பட்டறை போட்ட அவர்கள், தங்கள் தாய்நாட்டின் குட்டையான, கனத்த ரைபிளை நீளமாகவும் மெலிதாகவும் மாற்றினார்கள். குண்டின் அளவு சிறுத்ததால் ஈயமும் மருந்தும் மிச்சமாயின. காட்டை அழித்துக் கழனி திருத்திய குடியானவர்களுக்கு இந்தச் சிக்கனம் பெரிதும் உதவியது.

இந்தப் பழைய கலை அழிந்துவிடவில்லை. 1933-ல் தொடங்கப்பட்ட இவ்வகைத் துப்பாக்கிக்காரர்களின் தேசியச் சங்கம், இண்டியானா மாநிலத்தில் பிரண்ட்ஷிப் என்னும் சிற்றூரில் சுடும் போட்டிகளை நடத்தி வருகிறது.

முதலில் குழலைச் சோதிக்க வேண்டும்

குறியில் கை வைக்குமுன் குழல் காலியாக உள்ளதா என்று பார்ப்பது அவசியம். பரணில் பல ஆண்டு கிடந்த துப்பாக்கியிலும் மருந்து கெட்டித்தபடியே இருக்கலாம். வெளியே பார்த்தால் தெரியாது.

கெட்டிக்கும் கம்பியைக் குழலுக்குள் அடிவரை விட்டு, வாயருகே கம்பியில் அடையாளம் இட வேண்டும். பிறகு கம்பியை எடுத்து, அந்த அடையாளம் குழல் வாய்க்கு நேராக இருக்கும்படி குழலின் வெளிப்புறத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கம்பியின் நுனி மருந்துத் துளை வரை எட்டினால் குழல் காலி. எட்டாமல் முன்னதாகவே நின்றால் உள்ளே ஏதோ இருக்கிறது. அனுபவமுள்ளவர் அதை அகற்றும் வரை வேறு எந்த வேலையும் தொடங்கக் கூடாது.

பழைய குறியைக் கழற்றும் முறை

குறிகள் பெரும்பாலும் குழலின் குறுக்கே வெட்டிய பள்ளத்தில் செருகப்பட்டிருக்கும். தச்சர்கள் போடும் புறாவால் பொருத்துப் போல, இந்தப் பள்ளம் அடியில் அகன்றும் மேலே குறுகியும் இருக்கும். அதனால் குறியை மேல்நோக்கிப் பிடுங்க முடியாது. பக்கவாட்டில் தட்டித்தான் எடுக்க வேண்டும்.

கழற்றுமுன் குறி நின்ற இடத்தைக் குழலில் மெல்லிய கோடாகக் குறித்துக்கொள்ள வேண்டும். தோல் அல்லது துணி சுற்றிக் குழலை அசையாமல் பிடிக்கச் செய்து, பித்தளைத் துண்டை இடையில் வைத்துச் சிறு சுத்தியலால் தட்ட வேண்டும். எஃகு உளியை வைத்து அடித்தால் குழலில் வடு விழும். கழற்றிய பழைய குறியை எறியாமல் பொட்டலம் கட்டி வைப்பது நல்லது. பெயர் பெற்ற கொல்லர் செய்த பழம் துப்பாக்கியானால் அதன் மதிப்பில் அந்தச் சிறு துண்டுக்கும் பங்கு உண்டு.

புதிய குறியைப் பொருத்தும் முறை

புதிய குறியின் அடிப்பாகம் பள்ளத்தைவிடச் சற்றுப் பெரிதாக இருப்பதே நல்லது. அரம் போட வேண்டியது குறியின் அடியில்தான். குழலில் அரம் படவே கூடாது. குறி கெட்டுப்போனால் வேறு வாங்கலாம். குழலின் பள்ளம் பெரிதாகிவிட்டால் குழலே பழுது.

இரண்டு மூன்று இழுப்பு அரம் போட்டு, பொருத்திப் பார்த்து, மறுபடியும் அரம் போட வேண்டும். கையால் தள்ளும்போது பள்ளத்தின் மூன்றில் ஒரு பங்கு தூரம் வரை நுழைந்தால் போதும். மிச்சத்தைப் பித்தளைத் துண்டு வைத்துத் தட்டி உட்கார வைக்கலாம். பள்ளம் ஏற்கெனவே தளர்ந்திருந்தால் மெல்லிய பித்தளைத் தகட்டை அடியில் கொடுத்து இறுக்கலாம். குழலில் புதுப் பள்ளம் வெட்டுவதைத் துப்பாக்கிக் கொல்லரிடமே விட வேண்டும். மெல்லிய குழலில் பள்ளம் ஆழமானால் வெடிக்கும் அபாயம் உண்டு.

முன்குறியைத் தேவைக்கு மேல் உயரமாகவே வாங்க வேண்டும். அதன் காரணம் சுட்டுப் பார்க்கும்போது விளங்கும்.

சுட்டுப் பார்த்துச் சரிசெய்தல்

பாதுகாப்பான மண்மேட்டுக்கு முன்னே இலக்கு வைத்து, ஒரே அளவு கருமருந்து, ஒரே வகைக் குண்டு, ஒரே கனத்துத் துணி கொண்டு மூன்று முறை சுட வேண்டும். இக்காலத்துப் புகையற்ற மருந்தை இத்துப்பாக்கியில் அறவே போடக் கூடாது, குழல் சிதறிவிடும். ஒரு குண்டை மட்டும் பார்த்து முடிவு கட்டக் கூடாது. மூன்றும் சேர்ந்து விழும் இடமே கணக்கு.

குண்டு எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கமாகப் பின்குறியைத் தட்ட வேண்டும். முன்குறியைத் தட்டுவதானால் எதிர்ப்பக்கமாக நகர்த்த வேண்டும்.

குண்டு தாழ்ந்து விழுந்தால் முன்குறியின் தலையை அரத்தால் குறைக்க வேண்டும். அது குறையக் குறையக் குண்டு மேலே ஏறும். குண்டு விலகிய அளவை இரு குறிகளுக்கும் இடையிலுள்ள நீளத்தால் பெருக்கி, இலக்கின் தூரத்தால் வகுத்தால் எவ்வளவு குறைக்க வேண்டும் என்பது தெரியும். எல்லாம் அங்குலக் கணக்கில் இருக்க வேண்டும்.

எடுத்துக்காட்டாக, குறிகளுக்கு இடையே 30 அங்குலம். இலக்கு 50 கஜம், அதாவது 1,800 அங்குலம். குண்டு 6 அங்குலம் தாழ்ந்து விழுகிறது என்று கொள்வோம். 6-ஐ 30-ஆல் பெருக்கினால் 180. அதை 1,800-ஆல் வகுத்தால் அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கு, சுமார் இரண்டரை மில்லிமீட்டர். 6 அங்குலப் பிழையைத் திருத்த இவ்வளவே போதும்!

இந்த இரண்டரை மில்லிமீட்டரையும் ஒரேயடியாக எடுத்துவிடக் கூடாது. பாதியளவு குறைத்து, சுட்டுப் பார்த்து, பிறகே மீதியைத் தொட வேண்டும். அரம் தின்ற உலோகம் திரும்பி வராது. முன்குறி உயரமாக இருக்க வேண்டும் என்பது இதற்காகத்தான்.

நம் நாட்டு நிலை

நம் நாட்டிலும் பயிர்ப் பாதுகாப்புக்கென உரிமம் பெற்று, மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி வைத்திருக்கும் விவசாயிகள் உண்டு. ஆனால் அமெரிக்க உழவர் தம் வீட்டுப் பட்டறையில் செய்யும் இந்த வேலையை இங்கே அப்படியே செய்ய முற்படக் கூடாது. 1959-ம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி துப்பாக்கியைப் பழுதுபார்ப்பதற்கே தனி உரிமம் தேவை. குறி கழன்றாலும் ஆடினாலும், பழுதுபார்க்கும் உரிமம் பெற்றவரிடமே கொடுக்க வேண்டும்.

துப்பாக்கி உரிமம் கையில் இருப்பதாலேயே பன்றியையோ மயிலையோ சுட்டுவிட முடியாது என்பதையும் மறக்கக் கூடாது. 1972-ம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் அதைத் தடுக்கிறது. பயிர்ச் சேதம் நேர்ந்தால் வனத்துறைக்கு எழுத்து மூலம் தெரிவிப்பதே முறை.

எனினும் வேலை தெரிந்தவரிடம் கொடுக்கும்போது என்ன கேட்க வேண்டும் என்று விவசாயி அறிந்திருப்பது நல்லது. குழலில் அரம் போடாமல் குறியிலேயே போடச் சொல்ல வேண்டும். ஒரேயடியாகக் குறைக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கச் சொல்ல வேண்டும். இவ்விரண்டையும் கவனித்தால் பாட்டன் வைத்துவிட்டுப் போன துப்பாக்கி பழுதில்லாமல் பேரன் கைக்குப் போய்ச் சேரும்.