மனதில் உள்ளதை முதலில் சொல்லிவிடுங்கள்



ஹட்டன், தலவாக்கலை, பொகவந்தலாவை, நுவரெலியா போன்ற நமது மலையக நகரங்களில் முஸ்லிம் குடும்பங்கள் பெருங்கூட்டமாக வாழ்வதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். கடைத்தெருவில் சில கடைகள், ஒரு பள்ளிவாசல், அதைச் சுற்றிச் சில வீடுகள். தோட்டங்களுக்குள்ளே வாழ்பவர்கள் அதைவிடக் குறைவு. ஆகவே பிள்ளைக்கு வயது வந்ததும் அக்குறணைக்கும் கம்பளைக்கும் மாவனல்லைக்கும் ஆளனுப்ப வேண்டியிருக்கிறது. அங்கிருப்பவர்களுக்கு நம்மைத் தெரியாது, நமக்கும் அவர்களைத் தெரியாது. தரகர் சொன்னதுதான் இரு தரப்புக்கும் சாட்சி!

அப்படி வந்து உட்கார்ந்தவர்களிடம் எதைப் பேசுகிறோம்? நகை எத்தனை பவுண், வீடு யார் பெயரில், விருந்துக்கு எத்தனை சஹன் என்றெல்லாம் மணிக்கணக்கில் பேசுகிறோம். பிள்ளைகள் இருவரும் எங்கே, எப்படி வாழப் போகிறார்கள் என்ற பேச்சு மட்டும் எழுவதில்லை.

ஒரு சகோதரியை எண்ணிப் பாருங்கள். உயர்தரம் சித்தியடைந்து, பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியில் பயிற்சி முடித்து, தோட்டப் பாடசாலை ஒன்றில் ஆசிரியையாக இருக்கிறார். பெண் பார்க்க வந்த மாமி, "படித்த பிள்ளை வேணுமென்றுதான் இவ்வளவு தூரம் வந்தோம்" என்கிறார். பெண் வீட்டார் அதை வேலைக்குச் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். மாப்பிள்ளை கட்டாரில் இருக்கிறார்; இன்னும் பத்து வருடம் அங்கேயே இருப்பதாகத் திட்டம். அதை அவர் சொல்லவில்லை. தங்கைமார் இருவரைக் கரைசேர்க்கும் பொறுப்பு தன் தலையில் இருப்பதையும் சொல்லவில்லை. கலியாணம் முடிந்து மூன்றாம் மாதம், "வேலையை விட்டுவிட்டு உம்மாவோடு வந்திருங்கள்" என்று சொல்லியனுப்புகிறார். இங்கே பொய் சொன்னவர் யார்? ஒருவருமில்லை. வாய் திறந்து கேட்டவரும் ஒருவருமில்லை. அரசாங்க வேலை விட்டால் திரும்பக் கிடைக்கும் சாமானா?

தேயிலைத் தூரில் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று ஆசைகாட்டி மலைக்கு ஆள் சேர்த்த கதையைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். பாதியைச் சொல்லிப் பாதியை மறைத்தால் என்னவாகும் என்பதை இந்த மண்ணுக்கு யாரும் புதிதாகப் படிப்பிக்க வேண்டியதில்லை.

"இதையெல்லாம் பெண்பிள்ளை முதலிலேயே பேசினால் வெட்கம் கெட்டவள் என்பார்களே" என்று உம்மாமார் பயப்படுகிறார்கள். நமது அன்னை உம்மு ஸலமா (ரலி) அவர்களைவிட வெட்கமும் கண்ணியமும் உள்ளவர் யார்? கணவரை இழந்திருந்த அவர்களைப் பெருமானார் (ஸல்) அவர்கள் பெண் கேட்டபோது, அன்னையவர்கள் மனதில் இருந்ததை ஒளிக்கவில்லை. தாம் ரோஷம் மிகுந்தவர் என்பதையும், வயது சென்றுவிட்டதையும், பிள்ளைகள் இருப்பதையும் எடுத்துச் சொன்னார்கள். பெருமானார் (ஸல்) அவர்களும் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார்கள். அதன் பிறகே மணம் நடந்தது. பாத்திமா பின்த் கைஸ் (ரலி) அவர்களை இருவர் பெண் கேட்டிருந்தார்கள். நபியவர்களிடம் அவர் அதைச் சொன்னபோது, ஒருவர் தோளிலிருந்து தடியை இறக்காதவர், மற்றவர் கையில் பொருள் இல்லாதவர் என்று இருவரின் நிலையையும் நபியவர்கள் உள்ளபடியே சொன்னார்கள். நாமோ, "மாப்பிள்ளை எப்படி?" என்று யாரும் விசாரித்தால், "நல்ல பிள்ளை" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். அது யாருக்குச் செய்யும் உதவி?

மணத்தின்போது ஒப்புக்கொண்ட நிபந்தனைகளே நிறைவேற்றப்பட மிகவும் தகுதியானவை என்ற கருத்தில் புகாரியிலும் முஸ்லிமிலும் ஹதீஸ் உண்டு. ஆனால் எந்த நிபந்தனை கணவனைக் கட்டுப்படுத்தும் என்பதில் மத்ஹபுகள் வேறுபடுகின்றன. மனைவியை அவளது ஊரைவிட்டு அழைத்துப் போவதில்லை என்று ஒப்புக்கொண்டவன் அதை மீறினால், மணத்தை முறித்துக்கொள்ளும் உரிமை அவளுக்கு உண்டு என்பது ஹன்பலி மத்ஹபு. ஷாபிஈ மத்ஹபில் அப்படியில்லை. இலங்கையில் நம்மில் பெரும்பாலோர் ஷாபிஈகள். பிறகு வாதாடி வெல்ல முடியாததை முன்பே பேசித் தீர்ப்பதல்லவா புத்தி?

நாட்டுச் சட்டத்தையும் கொஞ்சம் பாருங்கள். 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் கைக்கூலி என்பதற்கு விளக்கமே தருகிறது. மணமகளின் உபயோகத்துக்காகப் பெண் தரப்பினர் மணமகனிடம் கொடுக்கும், அல்லது கொடுப்பதாக வாக்களிக்கும் பணமும் அசையும் பொருளும் அது. "மணமகளின் உபயோகத்துக்காக" என்பதை இன்னொரு முறை படியுங்கள்! அதைத் திருப்பிக் கேட்டு மனைவி காதியிடம் போகலாம். நம்மவர்களோ இலட்சக்கணக்கில் திரைமறைவில் கொடுத்துவிட்டு, பதிவின்போது வாய்மூடி இருந்துவிடுகிறார்கள். எழுதாத தொகையைப் பிறகு எதைக் காட்டி நிரூபிப்பது? இதே சட்டத்தின் 24ஆம் பிரிவு, மனைவி இருக்க இன்னொரு மணம் செய்ய எண்ணுபவர் 30 நாட்களுக்கு முன்னரே காதிக்கு அறிவித்தல் கொடுக்க வேண்டும் என்கிறது. எண்ணத்தை மூடிவைக்காதே என்று சட்டமே சொல்லும்போது, முதல் மணத்தில் மட்டும் நமக்கு ஏன் இந்த மூடுமந்திரம்?

இனி, சிலருக்குக் கசக்கும் ஒரு விஷயம். டியூஷன் வகுப்பிலும் பஸ்ஸிலும் கைத்தொலைபேசியிலும் பிள்ளைகள் பழகிவிடுகிறார்கள். இதைக் கண்டித்து எழுதப் பலர் இருக்கிறார்கள். நான் தங்கைமாரிடம் ஒன்று கேட்கிறேன். இரண்டு வருடமாக வாட்ஸ்அப்பில் ஸலாம் சொல்பவர், உங்கள் வாப்பாவின் கடைக்கு ஒருநாளாவது வந்து ஸலாம் சொன்னாரா? "வீட்டுக்கு எப்போது ஆளனுப்புவீர்கள்?" என்று கேளுங்கள். "பார்ப்போம்" என்றால் அதுவும் ஒரு பதில்தான். அந்தப் "பார்ப்போ"முக்காக எத்தனை நல்ல சம்பந்தங்களைத் தட்டிவிடுகிறீர்கள்! இத்தா இருக்கும் பெண்ணைப் பற்றிப் பேசுமிடத்தில், இரகசிய வாக்குறுதி கொடுக்க வேண்டாம் என்று அல்பகரா அத்தியாயத்தின் 235ஆம் வசனம் தடுத்திருப்பதையும் நினைத்துப் பாருங்கள். தம்பிமாருக்கும் பேச்சு உண்டு. அவர்களிலும் ஏமாந்தவர்கள் இருக்கிறார்கள். வீட்டார் சொல்லும் மாப்பிள்ளையைத்தான் முடிப்பேன் என்று உள்ளுக்குள் முடிவெடுத்துக்கொண்டு, பொழுதுபோக்காகப் பழகும் பெண்பிள்ளையும் செய்வது அநியாயமே.

பெற்றோர்களே, பெண் பார்க்க வரும் நாளில் அரைமணி நேரமாவது கதவு திறந்திருக்க, வாப்பாவோ நானாவோ அருகில் இருக்க, இருவரையும் பேச விடுங்கள். மகள் கேட்கட்டும்: "நான் படிப்பிப்பதில் உங்களுக்குச் சம்மதமா? இடமாற்றம் கிடைக்கும்வரை நான் இங்கே இருக்கலாமா? எத்தனை வருடம் வெளிநாடு? கடன் இருக்கிறதா?" மாப்பிள்ளையும் கேட்கட்டும்: "உம்மாவுக்குச் சுகமில்லை, கூட இருக்க முடியுமா? குளிரில் வளர்ந்தவர், எங்களூர் வெயிலுக்கு வருவீர்களா?" சரிவரவில்லையென்றால் ஒரு தேநீரோடு போகும். கலியாணத்துக்குப் பிறகென்றால் காதி நீதிமன்றப் படியேற வேண்டும்.

1951ஆம் ஆண்டுச் சட்டம் எழுதப்பட்டபோது மணமகளின் கையொப்பத்தைக் கேட்கவில்லை; வலீயின் கையொப்பம் போதுமென்று விட்டது. இதைத் திருத்துவது பற்றி ஆராய 2009இல் அமைக்கப்பட்ட, நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையிலான குழு 2018இல்தான் அறிக்கை கொடுத்தது. ஒன்பது வருடம்! மகளிடம் சம்மதமா என்று கேட்க வாப்பாவுக்கு ஒன்பது நிமிடம் போதும். நிக்காஹ் அன்று பள்ளிவாசலுக்குப் புறப்படுமுன், மஹர் எவ்வளவு, கைக்கூலி எவ்வளவு, பேசிய வாக்குகள் என்னென்ன என்று ஒரு தாளில் எழுதி அவள் கையில் கொடுத்து, படித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.