வளவில் தெள்ளு: மருந்து அடிக்க முன்னர்

பூட்டிக் கிடந்த வீட்டில் குடிபுகுந்த அன்றே கணுக்காலில் கடி தொடங்கினால், அது பெரும்பாலும் தெள்ளுத்தான். மேற்குச் சிட்னியில் எமது முதல் வாடகை வீட்டில் நடந்தது அதுவே. முன்பு அங்கிருந்தவர்கள் நாய் வளர்த்தவர்கள். 'ஊத்தையான சனம்' என்று யாரும் நினைத்துவிடுவார்களோ என்ற வெட்கத்தில், ஒருவரிடமும் கேளாமல் மருந்து வாங்கிப் பின்வளவுப் புல் முழுவதும் அடித்தோம். பத்து நாளில் தெள்ளு திரும்பி வந்தது.

காரணம் பிறகுதான் விளங்கியது. பெண் தெள்ளு நாளொன்றுக்கு 40, 50 முட்டைகள் வரை இடும். அவை உரோமத்தில் நில்லாமல், பிராணி படுக்கும் இடத்தில் உதிரும். பொரிக்கும் புழு வெளிச்சத்துக்குப் பயந்து சருகுக்குள்ளும் நிழல்மண்ணுக்குள்ளும் ஒளியும். வெயிலும் வறட்சியும் அதைக் கொன்றுவிடும். ஆகவே வெயில் விழும் புல்லில் நாம் அடித்த மருந்து வீண்.

புழு பின்னர் கூடு கட்டும். கூட்டுக்குள் மருந்து போகாது. வெக்கைக் காலத்தில் முட்டை தெள்ளாவதற்கு ஏறக்குறைய 3 கிழமை போதும். ஆனால் கூட்டுக்குள் மாதக்கணக்கில் காத்திருக்கவும் அதனால் முடியும். காலடி அதிர்வும் உடற்சூடும் பட்டதும் வெளியே பாயும். பூட்டிய வீட்டில் முதல் நாளே கடி வாங்கியது இதனால்தான்.

எமது அடுத்த பிழை இதைவிடப் பெரியது. எங்கிருந்தோ வந்து சேர்ந்த பூனைக்கு மகள் பால் வைத்து, பெயரும் வைத்துவிட்டாள். மலிவாகக் கிடைத்த நாய் மருந்தை அதன் கழுத்தில் விட்டோம். சில மணி நேரத்தில் நடுங்கி, வலிப்பு வந்து விழுந்தது. மிருக வைத்தியரிடம் ஓடினோம். உயிர் தப்பியது, எமது ஒரு கிழமைச் சம்பளம் போயிற்று. நாய்க்கான சில மருந்துகளில் பெர்மெத்ரின் உண்டு. அது பூனைக்குக் கடும் நஞ்சு. பெட்டியில் 'பூனைக்கு' என்று எழுதியிராத மருந்தைப் பூனைக்குப் பூசவேண்டாம். எழுத்து விளங்காவிட்டால் கடைக்காரரைக் கேளுங்கள்.

இனிச் செய்யவேண்டியவை:

1. வெள்ளைக் காலுறையை முழங்கால்வரை இழுத்துவிட்டு வளவில் நடவுங்கள். எங்கே கறுப்புப் புள்ளிகள் ஏறுகின்றனவோ அங்கேதான் வேலை.

2. வேலியோரம், செடியடி, படிக்கட்டின் கீழ் கிடக்கும் சருகை வாரிக் கட்டி எறியுங்கள். கிளைகளை வெட்டி வெயில் விழ விடுங்கள். அதிகம் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

3. மருந்து அடிப்பதானால் நிழலிடங்களில் மட்டும், சிட்டையில் உள்ள அளவுப்படி அடியுங்கள். காயும்வரை பிள்ளைகளையும் பிராணிகளையும் விடாதீர்கள். மீன்தொட்டி, பூத்த செடி அருகில் வேண்டாம். கூட்டிலிருந்து பிந்தி வருபவற்றுக்காக, சிட்டை சொல்லும் இடைவெளியில் மீண்டும் அடிக்கவேண்டும்.

4. அதே நாளில் வீட்டுக்குள் வக்யூம் பிடித்து, பையை உடனே கட்டி வெளியே எறியுங்கள். பிராணியின் படுக்கையைச் சுடுநீரில் கழுவுங்கள்.

5. வீட்டிலுள்ள எல்லா நாய் பூனைகளுக்கும் ஒரே சமயத்தில் உரிய மருந்து கொடுங்கள். குறைந்தது 3 மாதமாவது விடாமல் தொடருங்கள். இதை விட்டால் வளவில் செய்ததெல்லாம் வீண்.

குடிபுகுந்த முதல் நாளே கடி கண்டால் வீட்டு முகவருக்கு எழுத்தில் அறிவித்து, பிரதி ஒன்றை வைத்திருங்கள். நாம் அதைச் செய்யவில்லை. தெள்ளைக் கொண்டுவந்தவர்கள் நாமே என்று பிறகு சொன்னார்கள். மறுக்க எம் கையில் ஒரு துண்டுக் கடதாசிகூட இருக்கவில்லை.

தெள்ளு ஊத்தையைத் தேடி வருவதில்லை, இரத்தத்தைத் தேடி வருகிறது. வெட்கப்பட்டு மறைத்ததால்தான் எமக்கு இரண்டு மாதம் வீணாயிற்று.