எம்.பி.க்கு ஓட்டுப் போடுகிறான்; கல்லூரித் தலைவருக்குப் போட முடியவில்லை!

தர்மபுரியில் பி.ஏ. இரண்டாம் ஆண்டு படிக்கிற பையனுக்கு 19 வயது. பாலக்கோடு, பென்னாகரம், தர்மபுரி, பாப்பிரெட்டிப்பட்டி, அரூர் என்று எந்தத் தொகுதிக்காரனாக இருந்தாலும் எம்.எல்.ஏ. தேர்தலில் அவனுக்கு ஓட்டு உண்டு. எம்.பி. தேர்தலிலும் உண்டு. விரலில் மை வைத்துக்கொண்டு கம்பீரமாக வருகிறான். ஆனால் "உன் கல்லூரி மாணவர் பேரவைக்கு ஒரு தலைவரைத் தேர்ந்தெடு" என்று அவனிடம் ஓட்டுச் சீட்டை நீட்டுவார் இல்லை. தமிழ்நாட்டில் பெரும்பாலான கல்லூரிகளில் இதுதான் கதை.

வேடிக்கை என்னவென்றால், ஒரு காலத்தில் நிலைமை நேர் தலைகீழ். ஓட்டுரிமை வயது 21-ல் இருந்து 18 ஆகக் குறைந்தது 1989-ல்தான். அதற்கு முன்பு கல்லூரி மாணவர்களில் பலருக்கு சட்டசபைத் தேர்தலில் ஓட்டு கிடையாது. கல்லூரிப் பேரவைத் தேர்தலோ அமர்க்களப்படும்!

பேரவை எதுக்கு?

"படிக்கிற பிள்ளைக்கு எலெக்ஷன் எதுக்குப்பா?" என்று டீக்கடையில் கேட்பார்கள். நியாயமான கேள்விதான்.

காலை 8 மணி பஸ் நிற்காமல் போகிறது. ஹாஸ்டல் சாம்பாரில் பருப்பைத் தேட வேண்டியிருக்கிறது. பரீட்சை எழுதி மாதங்கள் ஆகியும் ரிசல்ட் வரவில்லை. ஸ்காலர்ஷிப் பணம் பேங்குக்கு வந்ததா, வரவில்லையா என்று தெரியவில்லை. மாணவிகளுக்குக் கழிப்பறை போதவில்லை. எந்த ஊர்க் கல்லூரியிலும் உள்ள குறைகள்தான் இவை.

ஒரு பையன் தனியாக ஆபீசுக்குப் போய்க் கேட்டால், "நாளைக்கு வா" என்பார்கள். (குமாஸ்தா அய்யாமார்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. அவர்களுக்கும் மேலே ஒருவர் இருக்கிறார்.) நாற்பது பேர் சேர்ந்து போய்க் கேட்டால் அது கும்பல், போலீசுக்குப் போன் போகும். அதே குறையை, மாணவர்கள் ஓட்டுப் போட்டு அனுப்பிய செயலாளர் ஒருவர் தீர்மானம் போட்டு, கையெழுத்து வைத்து எடுத்துப் போனால் அது மனு. மனுவுக்குப் பதில் எழுதியாக வேண்டும். அந்த வழி இல்லாத இடத்தில் மாணவர்களுக்குத் தெரிந்த ஒரே வழி சாலை மறியல். ஆபீசுக்குப் போகிற நாமும் பஸ்சுக்குள் உட்கார்ந்து வேர்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

தர்மபுரி மாவட்டத்துக்கு இது கூடுதலாகப் பொருந்தும். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் எழுத்தறிவு 80.09 சதவீதம். தர்மபுரியில் 68.54. மாநிலத்திலேயே கடைசி இடம் அப்போது நம்முடையது. வீட்டிலேயே முதல் ஆளாகக் கல்லூரி வாசலை மிதித்த பிள்ளைகள் இங்கே ஏராளம். சித்தேரி மலையில் இருந்து இறங்கி வருகிற பெண்ணின் அப்பா, பிரின்சிபால் அறைக்கு வந்து எதிர்க்கேள்வி கேட்பாரா? வாசலிலேயே துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு நிற்பார். அந்தப் பெண்ணுக்காகப் பேச ஒரு சீனியர் மாணவர் வேண்டும். அவர் ஓட்டு வாங்கி வந்தவராக இருந்தால்தான் பேச்சுக்கு மதிப்பு.

காமராஜரும் மாணவரும்

பிறகு ஏன் தேர்தல் நின்றுபோனது? ஒரே காரணம் சொல்ல முடியாது. 1965-ல் இந்தி எதிர்ப்புப் போராட்டம் மாணவர்களின் பலத்தைக் காட்டியது. 1967-ல் விருதுநகரில் காமராஜரையே 1,285 ஓட்டில் தோற்கடித்தவர் மாணவர் தலைவராக இருந்த பெ.சீனிவாசன். அதைப் பார்த்த பிறகு எந்தக் கட்சிதான் கல்லூரி வாசலை விட்டு நகரும்? கட்சிக்கொரு மாணவர் அணி வந்தது. பேரவைத் தேர்தலில் வெளியூர் ஆட்களும், கரன்சி நோட்டும், சில இடங்களில் சைக்கிள் செயினும் புகுந்தன. நிர்வாகங்களுக்கு இது போதாதா? "அமைதி கெடுகிறது" என்று ஒவ்வொன்றாகக் கதவைச் சாத்தின.

பெற்றோர் பயத்தையும் லேசாகச் சொல்லிவிட முடியாது. அதுவும் நம் ஊரில். 2000-ம் ஆண்டு பிப்ரவரி 2-ந்தேதியை தர்மபுரி மறக்கவில்லை. கல்விச் சுற்றுலா வந்த கோவை வேளாண்மைப் பல்கலைக்கழக மாணவிகளின் பஸ், இலக்கியம்பட்டியில் அரசியல் போராட்டம் என்ற பெயரில் கொளுத்தப்பட்டது. 3 மாணவிகள் கருகிச் செத்தார்கள். அரசியல் என்ற வார்த்தையைக் கேட்டாலே பெண்ணைப் பெற்றவர்களுக்கு வயிற்றைக் கலக்கத்தான் செய்யும். ஆனால் ஒன்று. தீ வைத்தது மாணவர் பேரவை அல்ல. வெளியே இருந்து வந்த கட்சிக்காரர்கள்.

இந்த வெளி ஆட்கள் விஷயத்துக்குத்தான் சுப்ரீம் கோர்ட்டு மூலம் ஒரு மருந்து வந்தது.

லிங்டோ போட்ட கடிவாளம்

கேரளப் பல்கலைக்கழகத்துக்கும் கல்லூரி பிரின்சிபால்களுக்கும் நடந்த வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போனது. கோர்ட்டு சொன்னபடி மத்திய அரசு ஒரு கமிட்டி போட்டது. தலைவர் ஜே.எம்.லிங்டோ. தலைமைத் தேர்தல் கமிஷனராக இருந்தபோது யாருக்கும் வளையாதவர் என்று பெயர் வாங்கியவர். கமிட்டி 2006 மே மாதம் அறிக்கை கொடுத்தது. அதே ஆண்டு செப்டம்பர் 22-ந்தேதி, "இதன்படி நடத்துங்கள்" என்று கோர்ட்டு உத்தரவு போட்டது.

விதிகளைப் படித்தால் நம் பெரிய தேர்தல்களுக்கும் இதைப் போடலாமே என்று தோன்றும்!

போட்டியிடுகிற மாணவர் இளங்கலை என்றால் வயது 17 முதல் 22 வரை. அந்த ஆண்டில் அரியர் இருக்கக் கூடாது. வருகைப் பதிவு குறைந்தது 75 சதவீதம். கிரிமினல் வழக்கில் சிக்கித் தண்டனை வாங்கியவருக்கு இடம் இல்லை. நிர்வாகிப் பதவிக்கு ஆயுசில் ஒரே ஒரு தடவைதான் நிற்கலாம்.

செலவு 5 ஆயிரம் ரூபாய்க்கு மேல் போகக் கூடாது. முடிவு வந்த 2 வாரத்துக்குள் கணக்குக் காட்ட வேண்டும். அச்சடித்த போஸ்டர், நோட்டீஸ் எதுவும் கிடையாது. கையால் எழுதிய போஸ்டர் மட்டும், அதுவும் குறித்த இடத்தில். அச்சகக்காரர்களுக்கு வருத்தம்தான். ஒலிபெருக்கி வைத்து ஓட்டுக் கேட்கக் கூடாது. வண்டி கூடாது. பிராணிகளும் கூடாது! எந்தக் கல்லூரியில் யாரை எதன் மேல் ஏற்றி ஊர்வலம் விட்டார்களோ, கமிட்டி மறக்காமல் எழுதி வைத்திருக்கிறது. ஓட்டுப் பதிவு அன்று தண்ணீரைத் தவிர எதையும் கொடுக்கக் கூடாது. டீ, வடைகூட ஆகாது.

முக்கியமான விதி இது: அந்தக் கல்லூரி ரோலில் பெயர் இல்லாத எவரும் தேர்தலில் தலையிடக் கூடாது. பேரவை நிர்வாகத்தில் பேராசிரியர்களுக்கும் பதவி கிடையாது. கல்லூரி திறந்து 6 முதல் 8 வாரத்துக்குள் ஆண்டுதோறும் தேர்தல். மனுத் தாக்கலில் இருந்து முடிவு வரை எல்லாம் 10 நாளில் முடிய வேண்டும். புகார்களை விசாரிக்கிற குழுவில் கடைசி ஆண்டு மாணவர் ஒருவர், மாணவி ஒருவர் இருக்க வேண்டும்.

மீறினால்? டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகம் மாணவர் தேர்தலுக்குப் பேர் போனது. அங்கேயே, விதிப்படி இல்லை என்று 2008-ல் சுப்ரீம் கோர்ட்டு தேர்தலை நிறுத்தியது. 2012-ல்தான் மறுபடி நடந்தது.

5 ஆண்டு கெடு

"எங்கள் கல்லூரியில் சூழ்நிலை சரியில்லை" என்கிறவர்களையும் லிங்டோ விட்டுவிடவில்லை. அப்படிப்பட்ட இடத்தில் தற்காலிகமாக நியமன முறை வைத்துக்கொள்ளலாம். ஆனால் மார்க்கை மட்டும் பார்த்து நியமிக்க வேண்டாம் என்றார்கள். 5 ஆண்டுக்குள் தேர்தல் முறைக்கு மாறிவிட வேண்டும் என்றும் எழுதினார்கள்.

2006-ல் இருந்து 5 ஆண்டு என்றால் 2011. அது போய் எத்தனை பேட்ச் டிகிரி வாங்கிப் போய்விட்டது! இன்றைக்கும் பல கல்லூரிகளில் வகுப்பு ஆசிரியர் கைகாட்டுகிற பிள்ளைதான் "ரெப்". நல்ல பிள்ளையாகவே இருக்கும். வருகைப் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு ஸ்டாப் ரூமுக்கு நடக்கும். அந்த ஸ்டாப் ரூமை எதிர்த்து ஒரு குறை சொல்ல வேண்டி வந்தால், பாவம், அது என்ன செய்யும்?

தேர்தல் என்றால் கல்லூரி முழுக்க ஒரே நாளில் நேரடியாகத்தான் ஓட்டுப் போட வேண்டும் என்பதும் இல்லை. வகுப்புக்கு வகுப்பு பிரதிநிதியைத் தேர்ந்தெடுத்து, அவர்கள் கூடித் தலைவர், செயலாளரைத் தேர்ந்தெடுக்கலாம். சண்டைக்குப் பயப்படுகிற கல்லூரிக்கு இது தோதானது. நாற்பது, ஐம்பது பேர் உள்ள வகுப்பில் பணம் கொடுத்து ஓட்டு வாங்கினால் மதியத்துக்குள் எல்லோருக்கும் தெரிந்துபோகும்.

கல்லூரிக்கு மேலே பல்கலைக்கழக அளவிலும் ஒரு பேரவை வேண்டும் என்கிறது அறிக்கை. பரப்பு அகன்ற பல்கலைக்கழகமாக இருந்தால், கல்லூரிப் பேரவைகள் ஆட்களைத் தேர்ந்தெடுத்து அங்கே அனுப்பலாம். பெரியார் பல்கலைக்கழகத்துக்கு இது அப்படியே பொருந்தும். 1997-ல் தொடங்கிய அது, சேலம், நாமக்கல், தர்மபுரி, கிருஷ்ணகிரி என்று 4 மாவட்டக் கல்லூரிகளுக்கும் தலைமை. பரீட்சை, ரிசல்ட், பட்டம் எல்லாம் அங்கே இருந்துதான் வரவேண்டும். ரிசல்ட் ஏன் தாமதம் என்று கேட்பதானால் அங்கேதான் கேட்க வேண்டும்.

தர்மபுரியில் இருந்து அப்படி ஒரு பிரதிநிதி போவதாக இருந்தால் சிரமம் ஒன்றும் இல்லை. சேலம் பஸ்சில் ஏறி, தொப்பூர் கணவாய் இறங்கி, ஓமலூர் தாண்டினால் கருப்பூரில் ரோட்டு மேலேயே இருக்கிறது பல்கலைக்கழகம். சேலம் டவுனுக்குள் போக வேண்டிய வேலையே இல்லை.