13-ஆம் எண் தட்டு

டென்மார்க்கின் மேற்கு யூட்லாந்தில் ஸ்டோரோ ஆற்றின் கரையில் இருக்கிற ஊர் ஹொல்ஸ்டெப்ரோ. வடகடல் அங்கிருந்து நாற்பது கிலோமீட்டருக்குள்தான். 1980-களில் இலங்கையிலிருந்து போன தமிழர்கள் இந்த வட்டாரத்து ஊர்களில் வேரூன்றி, ஹெர்னிங்கில் விநாயகருக்கும் பிராண்டேயில் அபிராமி அம்மனுக்கும் கோயில் கட்டி, பிள்ளைகளைப் படிக்கவைத்து, இப்போது ஞாயிற்றுக்கிழமை மாலையில் என்ன செய்வது என்று யோசிக்கிற நிலைக்கு வந்துவிட்டார்கள். அங்கே எளிதில் கிடைக்கிற பொழுதுபோக்குகளில் ஒன்று டிஸ்க் கோல்ஃப். பந்துக்கும் மட்டைக்கும் பதில் பிளாஸ்டிக் தட்டு, குழிக்குப் பதில் சங்கிலி தொங்கும் இரும்புக் கூடை. யார் குறைந்த வீச்சில் கூடையில் போடுகிறாரோ அவர் வென்றார். நார்டிக் நாடுகளில் பெரும்பாலான திடல்கள் பொதுப் பூங்காக்களிலும் காட்டோரங்களிலும் இருக்கின்றன. பல இடங்களில் கட்டணம் கிடையாது. கடைக்குப் போய் ஒரு தட்டு வாங்கினால் ஆட்டம் தொடங்கிவிடும். சிக்கலும் அந்தக் கடையில்தான் தொடங்குகிறது. தட்டின் மேல் நான்கு எண்கள் அச்சிட்டிருக்கும். முதல் எண் வேகம். ஒன்றில் 3, ஒன்றில் 7, பளபளப்பான ஒன்றில் 13. புதிதாக வருபவர் எல்லாரும் கேட்கிற கேள்வி: 13 போட்ட தட்டு வேகமாகப் போகுமா? போகாது. அந்த எண், தட்டு உங்களுக்குத் தருகிற வேகம் என்று நினைத்து வாங்குகிறார்கள். உண்மையில் அது தட்டு உங்கள் கையிடம் கேட்கிற வேகம்.

ஏன் என்று பார்க்க, முதலில் ஒரு பொய்யைக் களையவேண்டும். தட்டு சுழல்வதால்தான் மேலே நிற்கிறது என்று பலரும் சொல்வார்கள். சுழற்சிக்கும் தூக்குவிசைக்கும் பெரிய உறவில்லை. மான்செஸ்டரில் பாட்ஸ், குரோதர் என்ற இரு ஆய்வாளர்கள் காற்றுச் சுரங்கத்தில் தட்டுகளைச் சுழலவிட்டு அளந்தபோதும் இதுவே தெரிந்தது. தட்டு ஒரு வட்டமான இறக்கை. முன்விளிம்பு சற்றே தூக்கியபடி காற்றை வெட்டிப் போகும்போது மேலே தூக்கப்படுகிறது, விமானம் தூக்கப்படுவதைப் போலவே. ஆனால் விமானத்துக்கு வால் உண்டு. மூக்கு ஏறினால் வால் இழுத்துப் பிடிக்கும். தட்டுக்கு வாலும் இல்லை, விமானியும் இல்லை. தூக்குவிசை தட்டின் நடுவில் வந்து அமர்வதில்லை. கொஞ்சம் முன்னால் அமர்ந்தால் மூக்கு மேலே எழும்பும், கொஞ்சம் பின்னால் அமர்ந்தால் மூக்கு கீழே கவிழும். சுழலாத தட்டை வீசினால் இரண்டு மீட்டரில் குட்டிக்கரணம் போட்டு விழுவது அதனால்தான். சுழற்சி அந்தக் குட்டிக்கரணத்தைத் தடுக்கிறது. அதை அது தடுக்கிற விதம்தான் இந்த விளையாட்டின் மொத்த அழகும்.

பம்பரம் விட்டவர்களுக்கு இது தெரியும். ஓடுகிற பம்பரத்தின் தலையை முன்பக்கமாக விரலால் தட்டினால் அது முன்னால் சாயாது, பக்கவாட்டில் சாயும். சுழலும் பொருளைத் தள்ளினால், தள்ளிய திசைக்குக் கால்வட்டம் தள்ளித்தான் அது பதில் சொல்லும். கல்யாண வீட்டில் பந்தி பார்க்கிற சித்தப்பாவை நினைத்துக்கொள்ளுங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும் ஆளிடம் ‘சாம்பார் வரவில்லை’ என்றால் சாம்பாரைக் கொண்டுவருவார். சுற்றிச் சுழன்றுகொண்டிருக்கும் சித்தப்பாவிடம் சொன்னால், சாம்பார் வராது. பக்கத்து வரிசைக்குப் பாயசம் போகும். அவர் எவ்வளவு வேகமாகச் சுழல்கிறாரோ, நம் சொல் அவரைத் திருப்புவதும் அவ்வளவு மெதுவாகவே நடக்கும். இது சுழல்விதியின்படியும் சரி. பந்தி ஓயும் நேரத்தில், கால் தளர்ந்த சித்தப்பாவைச் சின்னக் குரல்கூடத் திருப்பிவிடும், ஓயப்போகும் பம்பரம் தலையாட்டுவதைப் போல. இதற்கு மேல் இழுத்தால் சித்தப்பா தாங்கமாட்டார். எந்தச் சித்தப்பாவும் சரியாக 90 பாகை பார்த்துக் குழம்புவதில்லை.

தட்டு பார்க்கும். வலக்கையால், மார்புக்குக் குறுக்கே கையை இழுத்து, புறங்கை முன்னால் வர வீசும் வீச்சை எடுத்துக்கொள்வோம். மேலிருந்து பார்த்தால் தட்டு கடிகாரமுள் திசையில் சுழலும். வேகம் அதிகமாக இருக்கும் தொடக்கத்தில், தாக்குகோணம் (எதிர்வரும் காற்றுக்குத் தட்டு சாய்ந்திருக்கும் கோணம்) சிறிதாகவே இருந்தால் போதும். அப்போது தூக்குவிசை நடுவுக்குப் பின்னால் விழுந்து மூக்கைக் கவிழ்க்கப் பார்க்கும். மூக்கு கவிழாது, அதற்குப் பதில் தட்டு வலப்பக்கம் சாயும், பாதையும் வலப்பக்கம் வளையும். போகப்போக முன்னோக்கிய வேகம் குறைகிறது. சுழற்சி அவ்வளவு சீக்கிரம் குறைவதில்லை. வேகம் குறைந்த தட்டு கீழே இறங்கத் தொடங்கும்போது காற்று அடிப்பக்கத்திலிருந்து வந்து மோதுகிறது, தாக்குகோணம் பெருகுகிறது. தூக்குவிசை நடுவுக்கு முன்னால் நகர்ந்து மூக்கை எழுப்பப் பார்க்கிறது. மறுபடியும் மூக்கு எழும்பாது. தட்டு இடப்பக்கம் சாய்ந்து, இடப்பக்கம் இறங்கி நிற்கும். முதலில் வலம், பிறகு இடம்: வானத்தில் படுத்திருக்கும் ஒரு நீண்ட எஸ். வீசியவர் கையைத் தொங்கப்போட்டு நிற்கையில், கை விட்ட நான்கைந்து நொடிக்குள் தட்டு தானே இரண்டு முறை முடிவு மாற்றுகிறது. இரண்டு முடிவுக்கும் காரணம் ஒன்றேதான்: தூக்குவிசை எங்கே அமர்கிறது என்பது. சாதாரண ஃபிரிஸ்பீ தட்டில் அது சரியாக நடுவில் அமர்வது சுமார் 9 பாகைத் தாக்குகோணத்தில். அந்தக் கோணத்தில் நிலைக்கும் வரை தட்டு நேராகப் போகும். கடையில் பார்த்த நான்கு எண்களில் மூன்றாவது வலச்சாய்வையும் நான்காவது இடச்சாய்வையும்தான் சொல்கின்றன. இரண்டாவது மிதப்பு.

இப்போது 13-க்கு வருவோம். வேகத் தட்டின் விளிம்பு அகலமானது, கத்தி போலச் சரிந்தது; உடம்பு தட்டையானது. காற்று இழுவிசை அதற்குக் குறைவு. அதோடு, மெல்லிய தட்டை உடம்பு என்பதால் அதே கோணத்தில் அதே வேகத்தில் அதற்குக் கிடைக்கும் தூக்குவிசையும் குறைவு. நொடிக்கு 30 மீட்டர் வேகத்தில் வீசுகிற தொழில்முறை ஆட்டக்காரருக்கு அது பொருட்டே அல்ல. தூக்குவிசை வேகத்தின் இருமடியில் கூடுவதால் அவருக்கு மிச்சம் இருக்கும். ஞாயிறு மாலை ஆட்டக்காரரின் கை நொடிக்கு 16 மீட்டர், அதாவது மணிக்கு 58 கிலோமீட்டர் தந்தால் நல்ல கை. அந்த வேகத்தில் 175 கிராம் எடையைத் தாங்க 13-ஆம் எண் தட்டு மூக்கைத் தூக்கியே ஆகவேண்டும். மூக்கைத் தூக்கினால் தூக்குவிசை முன்னால் போகும், தட்டு இடப்பக்கம் சாயும். அதாவது அந்த எஸ்ஸின் முதல் பாதி நடக்கவே நடக்காது. கையை விட்டதும் கடைசிக் காட்சி தொடங்கிவிடும். 3-ஆம் எண் தட்டு மழுங்கிய விளிம்பும் ஆழமான குழிவும் கொண்டது. வேகத்தைச் சீக்கிரம் இழக்கும், உண்மை. ஆனால் அந்தக் குறைந்த வேகத்திலேயே நேராக மிதக்கத் தெரிந்தது.

காற்று இந்தக் கணக்கை இன்னும் கூர்மையாக்குகிறது. ஹொல்ஸ்டெப்ரோவில் காற்றை விட்டுவிட்டு எதையும் பேசமுடியாது. 2007 முதல் அந்த நகராட்சியைச் சேர்ந்த உல்ஃபோர் வட்டாரத்தில், ட்விண்ட் பள்ளி ஆசிரியர்களும் மாணவர்களும் தன்னார்வலர்களும் 1975-இல் தொடங்கி 1978-இல் ஓடவிட்ட பிரம்மாண்டக் காற்றாலை நிற்கிறது. கோபுரம் மட்டும் 50 மீட்டருக்கு மேல். அவர்களைக் கட்டத் தூண்டிய அதே மேற்குக் காற்றுதான் தட்டையும் பிடிக்கிறது. தட்டுக்குத் தரை வேகம் தெரியாது. தன்மேல் வந்து மோதும் காற்றின் வேகம்தான் தெரியும். டென்மார்க் வானிலை அறிக்கை காற்றை நொடிக்கு இத்தனை மீட்டர் என்றே சொல்லும், நமக்கு வசதி. காற்று 8 என்று வைத்துக்கொள்வோம், கை 16. எதிர்காற்றில் தட்டு உணர்வது 24. பின்காற்றில் வெறும் 8. இருமடிக் கணக்கில், கையை விட்ட கணத்தில், எதிர்காற்றில் கிடைக்கும் விசை பின்காற்றில் கிடைப்பதைப்போல் 9 மடங்கு. ஒரே கை, ஒரே தட்டு, ஒரே கோணம். எதிர்காற்றில் வலப்பக்கம் கவிழ்ந்து ஓடுகிற தட்டு, பின்காற்றில் தன் எடையையே தாங்கமுடியாமல் தொப்பென்று விழுவது இதனால்தான். பின்காற்று தூரம் தரும் என்ற நம்பிக்கை உயரமாக வீசத் தெரிந்தவருக்கு மட்டுமே பலிக்கும்.

இதில் நியாயமான மறுப்பு ஒன்று இருக்கிறது. எதிர்காற்றே கையில் இல்லாத வேகத்தைத் தருகிறதே. காற்றூரில் வேகத் தட்டு சரியாகத்தானே பறக்கும்? ஒரு கூடைக்குப் பறக்கும். ஆனால் திடல் வளைந்து திரும்புகிறது, போனவர் வரவேண்டும். திரும்பும் வழியில் 24 என்பது 8 ஆகிவிடும், அப்போது அந்தத் தட்டு சாப்பாட்டுத் தட்டு. மேற்கு யூட்லாந்துக்கே உரிய இன்னொரு தொல்லையும் உண்டு. 1866-இல் டால்காஸ் முதலானோர் தொடங்கிய புதர்நிலச் சங்கம், மணல் பறக்கும் தரிசைக் காக்க வரிசை வரிசையாக மரம் நடவைத்தது. அந்த மரவேலிகள் தம் உயரத்தைப்போல் பத்து மடங்கு தூரத்துக்கும் மேல் காற்றைத் தணிக்கின்றன. வேலியின் மறைவில் வீசிய தட்டு பாதி வழியில் வெளியே வந்து முழுக்காற்றைச் சந்திக்கும்போது, கையில் இருந்தபோது போட்ட கணக்கு ஒன்றும் செல்லாது. அங்கே உதவுவது தாழ்வான வீச்சும், மெதுவான தட்டும். குளிர்காற்று அடர்த்தியானது, அதனால் தட்டு வேறுமாதிரி பறக்கும் என்று சொல்வாரும் உண்டு. சரிதான்: 0 பாகையில் காற்று, 35 பாகைச் சென்னைக் காற்றைவிட ஏறத்தாழ 13 விழுக்காடு கனமானது. 9 மடங்குக்குப் பக்கத்தில் இந்த 13 விழுக்காட்டைப் பேசவேண்டுமா?

இன்னொரு மறுப்பு நம் வீடுகளிலிருந்தே வரும்: வளர்கிற பிள்ளைக்கு ஒரு அளவு பெரிய சட்டை எடுப்பதில்லையா, கை பழகப் பழக வேகம் வரும், இப்போதே வாங்கி வைத்தால் என்ன? பெரிய சட்டை பிள்ளையின் தோளை மாற்றுவதில்லை. பெரிய எண் தட்டு கையை மாற்றும். இடப்பக்கம் ஓடுகிறதே என்று உடம்பைச் சாய்த்து, மூக்கைத் தூக்கி வீசப் பழகியவர், பிறகு அந்தப் பழக்கத்தை மறக்க அதைவிடக் கூடுதலாக உழைக்கவேண்டும். பெரிய ஆட்டக்காரர்கள் வேகத் தட்டில்தானே வீசுகிறார்கள் என்றால், வீசட்டும். அமெரிக்காவின் டேவிட் விக்கின்ஸ் 2016-இல் 338 மீட்டர் வீசினார், நெவாடா பாலைவனத்தில், பலத்த காற்றை வேண்டுமென்றே தேடிப்போய். அந்தக் கையும் அந்த நாளும் கடையில் விற்பதில்லை. அச்சிட்ட எண்களுக்கும் ஒரு வார்த்தை: உலக அமைப்பான பிடிஜிஏ தட்டின் விட்டம், எடை, விளிம்பின் கூர்மை, வளையும் தன்மை ஆகியவற்றைச் சோதித்து அனுமதிக்கிறது. பறப்பு எண்கள் அந்தச் சோதனையில் இல்லை. செய்கிற நிறுவனமே போட்டுக்கொள்வது. ஒரு நிறுவனத்தின் 9 இன்னொன்றின் 10 ஆக இருக்கலாம். நான்கு மரத்தில் மோதித் தேய்ந்தபின் எந்த எண்ணும் அதே எண் இல்லை.

வரலாறு கேட்பவர்களுக்காகச் சுருக்கமாக. ஃபிரெட் மாரிசன் 1950-களில் பிளாஸ்டிக் தட்டு செய்தார். 1957-இல் வாம்-ஓ நிறுவனம் அதை விற்கத் தொடங்கியது. அங்கே வேலை பார்த்த எட் ஹெட்ரிக் 1975-இல் கலிபோர்னியாவில் முறையான முதல் திடலை அமைத்து, மறு ஆண்டு பிடிஜிஏ அமைப்பையும் தொடங்கினார். சங்கிலிக் கூடையும் அவருடையதே. 2002-இல் இறந்தவரின் சாம்பலை, அவர் விருப்பப்படி, தட்டுகளில் கலந்து வார்த்தார்கள். 1983-இல் டேவ் டுனிபேஸ் விளிம்பைச் சரித்துக் கூர்மையாக்கினார். எண் பந்தயம் அங்கே ஆரம்பித்தது. இதெல்லாம் நம் வளரியிலிருந்து போனது என்று சொல்ல யாராவது காத்திருப்பார்கள். சின்ன மருது தனக்கு வளரி எறியக் கற்றுக்கொடுத்ததாக ஆங்கிலேய அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ் எழுதியிருப்பது உண்மை. அது நூறு கஜம் வரை குறி தவறாது என்பதும் அவர் கணிப்பு. ஆனால் வளரி பிறைவடிவக் கட்டை, குறி மான் அல்லது மனிதன். அதற்கும் இரும்புக் கூடைக்கும் சம்பந்தமில்லை.

ஆகவே ஹொல்ஸ்டெப்ரோவில் முதல் தட்டு வாங்குகிறவர், வேகம் 2 அல்லது 3, எடை 170 கிராமுக்கு மேல் 175-க்குள் பார்த்து எடுங்கள். இரண்டாவது தட்டு வேண்டுமென்றால் 4 அல்லது 5. அதற்கு மேல் இந்த ஆண்டு வேண்டாம். வெள்ளை நிறம் பனியிலும், பழுப்பு நிறம் புதரிலும் காணாமல் போகும். ஆரஞ்சோ இளஞ்சிவப்போ எடுங்கள். வீட்டுக்கு வந்ததும், அழியாத மையில், தட்டின் அடிப்பக்கத்தில் உங்கள் தொலைபேசி எண்ணை எழுதிவிடுங்கள்.