கோப்பு முறைமைச் சோதனையும் செயல்முறைகளின் தொகையும்

கணினியிலே நாம் எழுதி வைப்பன வட்டில் எங்கே கிடக்கின்றன, எவ்வளவு இடத்தைப் பற்றியிருக்கின்றன, எப்பெயரால் வழங்குகின்றன என்பவற்றைக் கணக்கு வைத்துக் காப்பது கோப்பு முறைமை எனப்படும். இக்கணக்கில் நேரும் பிழை உடனே புலப்படுவதில்லை. பல மாதங்கள் கழிந்தபின் ஒரு கோப்பைத் திறந்தவிடத்து, வேறொன்றன் துண்டு அதனுள்ளே கிடக்கக் காண்போம். ஆதலின் கோப்பு முறைமையை இயற்றுவோர், அதனைப் பிறர் கையிற் கொடுக்குமுன் கடுஞ்சோதனைக்கு உட்படுத்துகின்றனர்.

அச்சோதனைக் கருவிகளுள் பெயர்பெற்றது எவ்.எஸ்.ஸ்ட்ரெஸ் என்பது. சிலிக்கன் கிரபிக்ஸ் நிறுவனத்தார் 1994 ஆம் ஆண்டில் ஐரிக்ஸ் இயக்க முறைமையுடன் வெளியிட்ட எக்ஸ்.எவ்.எஸ். என்னும் கோப்பு முறைமையின் பொருட்டு எழுந்த அக்கருவி, இன்று லினக்சில் வழங்கும் பிற முறைமைகளையும் சோதிக்கின்றது. கோப்பை ஆக்குதல், எழுதுதல், பெயர் மாற்றுதல், குறுக்குதல், அழித்தல் முதலிய வினைகளை எழுமாற்றாக இடையறாது செய்வதே அதன் தொழில். செய்வது ஒரு செயல்முறையன்று. பல ஒருங்கே இயங்கும். எத்தனை செயல்முறைகள், ஒவ்வொன்றும் எத்தனை வினை செய்யவேண்டும் என்பவற்றைச் சோதிப்பவரே வகுத்தல் வேண்டும். செயல்முறைகளின் தொகையை எவ்வளவாக வைப்பது என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

ஒன்றுக்கு மேற்பட வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஒரு செயல்முறை இடத்தை விடுவிக்கும் கணத்திலே மற்றொன்று அவ்விடத்தையே பற்ற முயல்வதால் விளையும் பிழை, தனித்தியங்கும் செயல்முறைக்கு ஒருபோதும் அகப்படாது. நான்கு செயல்முறைகளிடையே 6 இணைகள் உள. அறுபத்துநான்கு எனின் 2,016 இணைகள். இவ்வெண்ணைக் கண்டு மயங்கிச் சிலர், கணினியிலுள்ள மையச் செயலிகளின் தொகைக்கு ஏற்பச் செயல்முறைகளையும் பெருக்கிவிட்டாற் சோதனை அவ்வளவுக்கு வலிதாகும் எனக் கருதுவர். அது பொருந்தாது.

மேற்கூறிய வினைத்தொகை ஒவ்வொரு செயல்முறைக்கும் தனித்தனியே உரியது என்பதை மறத்தலாகாது. ஒன்றுக்கு 10,000 வினை என வகுத்தால், நான்கு செயலியுள்ள கணினியில் 40,000 வினைகளும், அறுபத்துநான்கு உள்ளதில் 640,000 வினைகளும் நிகழும். செயலி பெருகியதே அன்றி வட்டு பதினாறு மடங்கு விரைவு பெற்றதன்று. வலிய கணினியிலே சோதனை நெடுநேரம் ஓடுகின்ற விந்தை இதனால் விளைகின்றது.

இனி, எவ்.எஸ்.ஸ்ட்ரெசின் ஒவ்வொரு செயல்முறையும் தனக்கெனத் தனிக் கோப்புறை அமைத்து அதனுள்ளேயே தொழில் செய்யும். ஆதலின் அவை மோதுவது பெரும்பாலும் பொதுக் கணக்குகளிலேயாம். எக்ஸ்.எவ்.எஸ். வட்டைச் சில பகுதிகளாக வகுத்து, ஒவ்வொன்றன் வெற்றிடத்துக்கும் தனிக் கணக்கும் தனிப் பூட்டும் வைத்திருக்கின்றது. தனி வட்டொன்றில் நெடுங்காலம் நான்கு பகுதிகளே இயல்பாயிருந்தன. மாற்றங்களைக் குறிக்கும் பதிவேடோ முழு முறைமைக்கும் ஒன்றே. அறுபத்துநான்கு செயல்முறைகள் இவற்றின்முன் நிரையாக நிற்குமாயின், பெரும்பொழுது காத்திருத்தலிலே கழியும். பூட்டுக்காக நெடிது காத்திருக்கும் செயல்முறையை 120 வினாடிக்குப்பின் லினக்ஸ் இயல்பாக எச்சரித்துக் குறிக்கும். வட்டு மெதுவானதாயின் வெறும் நெரிசலே அவ்வெச்சரிக்கையை எழுப்பி, முறைமை முடங்கிவிட்டது போன்ற தோற்றத்தைத் தரும்.

இதனினும் தீயது வட்டு நிறைந்துவிடுதல். சோதனைக்கு ஒதுக்கும் பகுதி பெரும்பாலும் சிறியது. செயல்முறைகள் மிகுந்தால் தொடக்கத்திலேயே இடம் தீர்ந்து, பின்வரும் எழுத்து வினைகளுட் பல ‘இடமில்லை’ என்ற விடையோடு திரும்பும். அந்நிலையைச் சோதிப்பதும் வேண்டியதே. அதற்கெனத் தனிச் சோதனைகள் உள. எழுத்தையே சோதிப்பதாக எண்ணியிருப்பவருக்கோ, ஈற்றிற் கிடைக்கும் ‘வெற்றி’ என்ற சொல் பொய்ச்சான்று. நினைவகம் தீர்ந்தால் லினக்ஸ் ஏதேனும் ஒரு செயல்முறையைத் தெரிந்து கொன்றுவிடும். சோதனையை நடத்தும் செயல்முறையே பலியாதலும் உண்டு. அத்தோல்வி கோப்பு முறைமையின் குற்றமன்று. இத்தகைய தோல்விகள் மலிந்தவிடத்து, ஆய்வோர் தோல்வி அறிக்கைகளைப் புறக்கணிக்கப் பழகிவிடுவர். மெய்ப்பிழை ஒன்று வரும்போது அதனையும் அவ்வாறே கடந்து செல்வர்.

எக்ஸ்.எவ்.எஸ்.டெஸ்ட்ஸ் என்னும் சோதனைத் தொகுப்பிலே சில சோதனைகள், நான்கு என்ற சிற்றெண்ணைச் சுமைக் காரணி என்பதனாற் பெருக்கிச் செயல்முறைத் தொகையைப் பெறுகின்றன. காரணியின் இயல்பான மதிப்பு ஒன்று. மிகுந்த சுமை வேண்டுபவர் அறிந்தே அதனை உயர்த்துவர். எக்கணினியிலும் சோதனை ஒரே அளவினதாயிருத்தல் இதன் பெரும் பயன். எழுமாற்று வரிசைக்குத் தொடக்கமான எண்ணை மீண்டும் கொடுத்தால் ஒவ்வொரு செயல்முறையும் பழைய வினைவரிசையையே தொடங்கும். அவை ஒன்றோடொன்று பின்னும் முறை மட்டும் ஓட்டத்துக்கு ஓட்டம் வேறுபடும். தொகையும் கணினிக்கேற்ப மாறுமாயின், ஓரிடத்திற் கண்ட பிழையைப் பிறிதோரிடத்தில் தேடுவது பெரிதும் அரிதாம்.

புறத்தேயிருந்து வேலி இடுதலும் கூடும். ஒரு குழுவினுள் எழும் செயல்முறைகளுக்கு எல்லை வகுக்கும் வசதி லினக்சின் 4.3 ஆம் பதிப்பிலே, 2015 இல், சேர்க்கப்பட்டது. ஆயின் எல்லையை எட்டியதும் புதிய செயல்முறை தோன்ற மறுக்கப்படும். அம்மறுப்பும் சோதனைத் தோல்வியாகவே பதிவாகும். ஆதலின் கணினி முழுவதும் முடங்காது காத்தற்கு மட்டுமே இவ்வேலி உதவும். அதனைத் தொட்ட ஓட்டத்தின் முடிவைக் கணக்கிற் சேர்க்காது தள்ளிவிட்டு, தொகையைக் குறைத்து மீண்டும் ஓட்டுதல் வேண்டும்.